கொம்புச்சா: சர்க்கரைக்கு மருந்தா, கூல்டிரிங்க்ஸுக்கு மாற்றா?

வடசென்னைத் தண்டையார்பேட்டையிலிருந்து வந்த கேள்வி இது. அம்மாவுக்கு 54 வயது. ஆறு வருடமாகச் சர்க்கரை, மெட்ஃபார்மின் மாத்திரை போடுகிறார். பக்கத்து வீட்டு அக்கா ஒரு பாட்டிலில் ஸ்கோபியை, அதாவது இனிப்பு டீயைப் புளிக்கவைத்துக் கொம்புச்சா ஆக்குகிற வழுவழுப்பான தட்டை, போட்டுக் கொடுத்து, "தினமும் ஒரு கிளாஸ் குடிங்க, சர்க்கரை இறங்கும், வாயு போகும், மூட்டுவலி போகும், உடம்பும் இளைக்கும்" என்றாராம். இதில் எவ்வளவு உண்மை, எவ்வளவு குடிக்கலாம், நம்ம ஊர் வெயிலில் வீட்டிலேயே போடலாமா என்று மகள் கேட்கிறார்.

நேரடிப் பதிலை முதலில் சொல்லிவிடுகிறேன். சிறுநீரகம் நன்றாக இருக்கிறது என்று ரத்தப் பரிசோதனை சொன்னால், அம்மா ஒரு நாளைக்கு 100 மில்லி வரை குடிக்கலாம். மாத்திரையில் மட்டும் கை வைக்கக் கூடாது. சர்க்கரை இறங்குவதற்குச் சின்ன ஆதாரம் இருக்கிறது. மூட்டுவலிக்கு மனிதர்களிடம் காட்டிய ஆதாரம் எதுவும் கிடையாது. வாயு சிலருக்குக் குறையும், சிலருக்குக் கூடும். உடம்பு இளைப்பது, இதைத் தொடங்குவதற்கு முன்னால் அவர் என்ன குடித்துக்கொண்டிருந்தார் என்பதைப் பொறுத்தது. கொம்புச்சா விஷயத்தில் முக்கால்வாசி இந்தக் கடைசி வரிக்குள் அடங்கிவிடும்.

கணக்கைப் பாருங்கள். கடையில் வாங்கும் கோலா வகை பானத்தில் 100 மில்லிக்குச் சுமார் 10 கிராம் சர்க்கரை. 300 மில்லி பாட்டில் ஒன்றைக் காலி செய்தால் 30 கிராமுக்கு மேல் உள்ளே போகிறது. டீக்கடை டீயில் இரண்டு ஸ்பூன் என்றால் 10 கிராம். நாளைக்கு நாலு டீ என்றால் 40. சேர்க்கப்படும் சர்க்கரை ஒரு நாளைக்கு 50 கிராமைத் தாண்டக் கூடாது, 25-க்குள் இருந்தால் இன்னும் நல்லது என்பது உலக சுகாதார நிறுவனம் 2015-ல் கொடுத்த வழிகாட்டுதலின் சாரம். வீட்டில் ஒழுங்காகப் புளித்த கொம்புச்சாவில் 100 மில்லிக்கு 3 முதல் 5 கிராம் மிஞ்சும். பீச் ஸ்டேஷன் பக்கம் அத்தோ (பர்மா நூடுல்ஸ்) சாப்பிட்டுவிட்டு ஒரு கலர் சோடா உடைக்கிறவர், அந்த இடத்தில் கொம்புச்சாவை வைத்தால் லாபம். தண்ணீரோ மோரோ குடித்துக்கொண்டிருந்தவர் அதை விட்டுவிட்டு இதற்கு வந்தால் நஷ்டம்தான்; புதிதாகச் சர்க்கரையும் அமிலமும் சேர்கின்றன.

பாட்டிலுக்குள் என்ன நடக்கிறது என்று தெரிந்தால் மீதி எல்லாம் தானாகப் புரியும். தயிருக்கு உறை ஊற்றுகிற மாதிரியேதான் இதுவும். இனிப்பான கறுப்பு டீயில் பழைய கொம்புச்சாவை உறையாக ஊற்றுகிறோம். அதிலுள்ள ஈஸ்ட் வகைகள் சர்க்கரையைக் குளுக்கோஸாகவும் ஃப்ரக்டோஸாகவும் உடைத்து, அதிலிருந்து ஆல்கஹாலும் கார்பன்-டை-ஆக்சைடும் உண்டாக்கும். அசிட்டிக் அமில பாக்டீரியாக்கள் காற்றிலுள்ள ஆக்சிஜனை வைத்து அந்த ஆல்கஹாலை அசிட்டிக் அமிலமாக, அதாவது வினிகரின் புளிப்பாக, மாற்றும். குளுக்கோஸில் ஒரு பகுதி குளுக்கானிக் அமிலமாகும். இந்த பாக்டீரியாக்களில் ஒன்றான கொமகாட்டைபாக்டர் சைலினஸ் மேலே நெய்கிற செல்லுலோஸ் ஆடைதான் அந்த வழுவழுப்பான வட்டத் தட்டு. அதைக் காளான் என்று சொல்வது தவறு. தட்டு இல்லாமலும் கொம்புச்சா போடலாம், புதிய தட்டு தானே வரும். உறைநீர் இல்லாமல் தட்டை மட்டும் போட்டால் பூஞ்சை பிடிக்க வாய்ப்பு அதிகம். பக்கத்து வீட்டு அக்கா தட்டோடு எவ்வளவு நீர் கொடுத்தார் என்பதுதான் முக்கியம்.

சர்க்கரை விஷயத்துக்கு வருவோம். 2019-ல் மருத்துவ இதழ்களில் வந்த கொம்புச்சா ஆய்வுகளை எல்லாம் அலசிய ஒரு தொகுப்பில், மனிதர்களை வைத்து நடந்த ஆய்வாக ஒன்றே ஒன்றுதான் தேறியது. மற்றவை சோதனைக் குழாயும் எலியும். அதற்குப் பிறகு 2023-ல் இரண்டு சின்ன ஆய்வுகள் வந்தன. ஒன்று அமெரிக்காவில், ஜார்ஜ்டவுன் பல்கலைக்கழகத்தார் செய்தது. டைப் 2 சர்க்கரை உள்ள 12 பேரை எடுத்துக்கொண்டு, தினம் 240 மில்லி வீதம் நாலு வாரம் கொம்புச்சா கொடுத்தார்கள். இடைவெளி விட்டு, அதேபோல் ருசிக்கும் போலிப் பானத்தை நாலு வாரம் கொடுத்தார்கள். கொம்புச்சா வாரங்களில் வெறும் வயிற்றுச் சர்க்கரையின் சராசரி 164-லிருந்து 116-க்கு இறங்கியது. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் போலிப் பானத்திலும் 162 என்பது 141 ஆனது. 12 பேர், நாலு வாரம் என்பதை வைத்துக்கொண்டு யாருக்கும் மாத்திரையை நிறுத்த முடியாது. ஆய்வு செய்தவர்களே இதை முன்னோட்டம் என்றுதான் சொன்னார்கள்.

இன்னொன்று ஆஸ்திரேலியாவில் நடந்தது. நமக்கு அதுதான் நெருக்கமானது, ஏனென்றால் அது சோற்றை வைத்துச் செய்தது. 11 ஆரோக்கியமான ஆட்களுக்கு வெள்ளை ஜாஸ்மின் அரிசிச் சோறும் பட்டாணியும் கொடுத்து, கூடவே ஒரு நாள் சோடாத் தண்ணீர், ஒரு நாள் சர்க்கரையில்லாத லெமனேட், ஒரு நாள் 330 மில்லி கொம்புச்சா. கொம்புச்சா குடித்த நாளில் சாப்பாட்டுக்குப் பிறகு ரத்தச் சர்க்கரை ஏறியது குறைவாக இருந்தது. காரணம் பெரும்பாலும் அமிலமாகத்தான் இருக்கும். அசிட்டிக் அமிலம் இரைப்பையிலிருந்து உணவு இறங்குவதைத் தாமதிக்கிறது என்பது வினிகர் ஆய்வுகளில் முன்பே பார்த்த விஷயம். அப்படிப் பார்த்தால், சோற்றோடு எலுமிச்சையோ புளியோ சேர்த்துக்கொள்கிற நம் வழக்கமும் அதே திசையில்தான் போகிறது.

அம்மாவுக்கு இது வேலை செய்கிறதா என்று வீட்டிலேயே பார்த்துவிடலாம். குளுக்கோமீட்டர் இருக்கும்தானே? ஒரே நாஷ்டாவை, நாலு இட்லி என்றால் அதே நாலு இட்லி, அதே சாம்பார், அதே நேரம் என்று நாலு நாள் சாப்பிடச் சொல்லுங்கள். இரண்டு நாள் கொம்புச்சா 100 மில்லியோடு, இரண்டு நாள் வெறும் தண்ணீரோடு. சாப்பிடுவதற்கு முன்னால் ஒருமுறை, முதல் வாய் வைத்ததிலிருந்து 2 மணி நேரத்தில் ஒருமுறை பார்த்து எழுதுங்கள். 10, 15 புள்ளி வித்தியாசத்தைக் கணக்கில் எடுக்காதீர்கள். மீட்டரே அவ்வளவு முன்பின் காட்டும். ஒரு எச்சரிக்கை: மீட்டரின் பட்டையைக் கொம்புச்சாவில் தொட்டு அதில் எவ்வளவு சர்க்கரை இருக்கிறது என்று பார்க்க வேண்டாம். அந்தப் பட்டை ரத்தத்துக்காகச் செய்தது, குளுக்கோஸை மட்டும் காட்டும். உடையாத சர்க்கரையும் ஃப்ரக்டோஸும் அதன் கண்ணில் படாது.

அடுத்து வயிறு. "ப்ரோபயாடிக்" என்று எல்லாரும் சொல்கிறார்கள். அந்தச் சொல்லுக்கு ஒரு வரையறை உண்டு: போதுமான அளவில் உட்கொண்டால் உடலுக்கு நன்மை தரும் என்று காட்டப்பட்ட உயிருள்ள நுண்ணுயிர். வீட்டுக் கொம்புச்சாவில் எந்த நுண்ணுயிர் எவ்வளவு என்று யாருக்கும் தெரியாது. வீட்டுக்கு வீடு மாறும், ஜாடிக்கு ஜாடி மாறும். அதில் அதிகம் இருக்கிற அசிட்டிக் அமில பாக்டீரியாக்கள் ஆக்சிஜன் இல்லாமல் வளராதவை. நம் பெருங்குடலிலோ ஆக்சிஜன் கிட்டத்தட்ட இல்லை. தயிரில் இருக்கிற லாக்டிக் அமில பாக்டீரியா கொம்புச்சாவில் சில நேரம் இருக்கும், சில நேரம் இருக்கவே இருக்காது.

உயிருள்ள புளிப்பு வேண்டும் என்பதுதான் நோக்கம் என்றால், பழைய சோற்றுத் தண்ணீரும் மோரும் செலவில்லாமல் அந்த வேலையைச் செய்கின்றன. அவற்றில் சேர்த்த சர்க்கரையும் இல்லை. பழைய சோறு குடல் நோயாளிகளுக்கு உதவுகிறதா என்று பார்க்க, உங்கள் பேட்டைக்குப் பக்கத்தில் இருக்கிற ஸ்டான்லி அரசு மருத்துவமனையின் இரைப்பை குடல் துறையே அரசு நிதியில் ஆய்வை எடுத்தது. இட்லியை இந்தக் கணக்கில் சேர்க்காதீர்கள். மாவு புளித்தது உண்மைதான், ஆனால் ஆவியில் நுண்ணுயிர் செத்துப்போகிறது.

வாயு ஏன் சிலருக்குக் கூடுகிறது? மிஞ்சிய ஃப்ரக்டோஸும் கரைந்திருக்கும் வாயுவும். ஏற்கெனவே வயிறு உப்புகிற ஆட்களுக்கு இரண்டும் ஒத்துவராது. நெஞ்செரிச்சலும் அல்சரும் உள்ளவர்கள் இந்தப் பக்கமே வர வேண்டாம்.

மற்ற புகழ்மாலைகளை வேகமாகக் கடந்துவிடலாம். கல்லீரலைச் சுத்தம் செய்கிறது என்பதற்கு குளுக்குரோனிக் அமிலம் என்று ஒன்றைக் காட்டுவார்கள். அதைக் கல்லீரல் தானே தயாரித்துக்கொள்கிறது, வெளியிலிருந்து ஊற்றத் தேவையில்லை. புற்றுநோயைத் தடுக்கிறது என்பது சோதனைக் குழாயில் செல்களின்மேல் பார்த்தது. வைட்டமின் பி12 கிடைக்கும் என்று நம்ப வேண்டாம். உங்கள் அம்மாவுக்கு இது முக்கியம்: பல வருடம் மெட்ஃபார்மின் போடுகிறவர்களுக்கு பி12 குறையக்கூடும். கால் மரத்துப்போனால், எரிந்தால் ரத்தத்தில் பி12 பார்க்க வேண்டும். அதற்குக் கொம்புச்சா பதில் ஆகாது. டீயில் இருக்கிற பாலிஃபீனால் என்னும் நல்ல பொருள்கள் கொம்புச்சாவில் இருப்பது உண்மை. அவை பால் சேர்க்காத டீயிலும் இருக்கின்றன.

இனி ஆபத்து. 1995-ல் அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில் கொம்புச்சா குடித்துவந்த இரண்டு பெண்களுக்கு ரத்தத்தில் அமிலம் கடுமையாகக் கூடியது, ஒருவர் இறந்தார். இருவரின் ஸ்கோபியும் ஒரே தாய்த் தட்டிலிருந்து வந்தது. அதே தாய்த் தட்டிலிருந்து வளர்த்துக் குடித்த வேறு பலருக்கு ஒன்றும் ஆகவில்லை, கொம்புச்சாதான் காரணம் என்று நிரூபிக்கவும் முடியவில்லை. ஆரோக்கியமானவர்களுக்கு நாளைக்கு 120 மில்லி அளவில் கெடுதல் இல்லாமல் இருக்கலாம், ஆனால் ஏற்கெனவே நோய் உள்ளவர்களைப் பற்றியோ அதிகம் குடிப்பவர்களைப் பற்றியோ உறுதியாகச் சொல்ல முடியாது என்று அந்நாட்டு நோய்த்தடுப்பு மையம் அப்போது எழுதியது. நான் 100 மில்லி என்று சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம். மெட்ஃபார்மினும், சிறுநீரகம் பழுதானவர்களுக்கு, அரிதாக ரத்தத்தில் லாக்டிக் அமிலத்தைக் கூட்டும். அதனால்தான் முதலில் சிறுநீரகத்தைப் பார்க்கச் சொன்னேன். கிரியேட்டினின், இ.ஜி.எஃப்.ஆர். இரண்டும் சமீபத்தில் பார்க்கவில்லை என்றால், பார்த்த பிறகு தொடங்குங்கள். டாக்டரிடம் "ஒரு ஆரோக்கிய பானம் குடிக்கிறாங்க" என்று மொட்டையாகச் சொல்லாமல், புளிக்கவைத்த டீ, அமிலம் உண்டு, கொஞ்சம் ஆல்கஹால் உண்டு என்று சொல்லுங்கள்.

கர்ப்பிணிகள், பால் கொடுப்பவர்கள், சின்னக் குழந்தைகள், கீமோ எடுப்பவர்கள், உறுப்பு மாற்று செய்துகொண்டவர்கள், டயாலிசிஸில் இருப்பவர்கள், கல்லீரல் கெட்டவர்கள் வீட்டுக் கொம்புச்சாவைத் தொடக் கூடாது. இதில் பேரம் இல்லை.

ஆல்கஹால் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். எந்தக் கொம்புச்சாவிலும் கொஞ்சம் இருக்கும். நம் நாட்டு உணவுப் பாதுகாப்பு விதிகளில் 0.5 சதவீதத்தைத் தாண்டினால் அது மதுபானக் கணக்கு. வீட்டில் போட்டது, அதுவும் மூடிய பாட்டிலில் வெயிலில் நின்றது, 1 சதவீதத்தைச் சுலபமாகத் தாண்டும். 2010-ல் அமெரிக்கக் கடைகளில் பல பாட்டில்களைத் திரும்ப எடுத்ததே இதற்காகத்தான். மார்க்கப்படி மதுவைத் தவிர்ப்பவர்களும், குடியை நிறுத்திய பிறகு டைசல்ஃபிராம் மாத்திரை போடுகிறவர்களும், வயிற்றுப்போக்குக்கோ பல்லுக்கோ மெட்ரோனிடசோல் சாப்பிட்டுக்கொண்டிருப்பவர்களும் விலகி இருக்க வேண்டும். குடித்த கையோடு வண்டி எடுத்து, போலீஸ் ஊதச் சொன்னால் வாயில் இருக்கும் ஆவியே காட்டிவிடும். கொப்பளித்துக் கால் மணி நேரம் கழித்துக் கிளம்புங்கள்.

சாப்பாட்டோடு குடிப்பதா, தனியாகவா? இங்கே ஒரு சிக்கல் இருக்கிறது. சர்க்கரைக்குச் சாப்பாட்டோடு குடிப்பது நல்லது. ஆனால் டீயின் துவர்ப்புப் பொருள் கீரை, பருப்பிலிருந்து இரும்புச்சத்து உடம்பில் சேர்வதைக் குறைக்கும். தமிழ்நாட்டில் பெண்களில் பாதிக்கும் மேற்பட்டோருக்கு ரத்தசோகை என்கிறது 2019–21 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பு. எனவே அம்மாவின் ஹீமோகுளோபின் 12-க்கு மேல் இருந்தால் சாப்பாட்டோடு. குறைவாக இருந்தாலோ, இரும்புச்சத்து மாத்திரை போட்டாலோ, சாப்பாட்டுக்கும் மாத்திரைக்கும் கொம்புச்சாவுக்கும் நடுவில் ஒன்றரை மணி நேரம் இடைவெளி விட்டு. எப்படிக் குடித்தாலும் ஒரே மூச்சில் குடித்து முடித்து, தண்ணீரால் வாயைக் கொப்பளிக்க வேண்டும். நாள் பூராவும் சப்பிச் சப்பிக் குடித்தால் பல் எனாமல் கரையும். பி.எச். என்பது புளிப்பின் அளவு, எண் குறையக் குறைய அமிலம் அதிகம். அது 5.5-க்குக் கீழே போனாலே எனாமல் இளகும், கொம்புச்சாவோ 3 பக்கம் நிற்கிறது. குடித்தவுடன் பல் தேய்க்கக் கூடாது, அரை மணி நேரம் போகட்டும்.

இப்போது போடுகிற விதம். இணையத்தில் கிடைக்கிற குறிப்புகளில் பெரும்பாலானவை குளிர்நாட்டுக் கணக்கு: 10 நாள், 14 நாள், சிலர் ஒரு மாதம்கூடச் சொல்வார்கள். அதை அப்படியே வடசென்னையில் செய்தால் வினிகர்தான் கிடைக்கும். கொம்புச்சாவுக்குப் பிடித்த வெப்பம் 24 முதல் 29 டிகிரி. சித்திரை, வைகாசியில் நம் சமையலறை 34, 35-ல் நிற்கும். ஷீட் போட்ட வீடு என்றால் கேட்கவே வேண்டாம். அந்தச் சூட்டில் ஈஸ்ட் முந்திக்கொண்டு ஓடும், பாக்டீரியா பின்தங்கும். புளிப்பு வருவதற்குள் சாராய வாடை வந்துவிடும். எனவே வெயில் காலத்தில் உறையைக் கூட்டி, நாளைக் குறைக்க வேண்டும்.

2 லிட்டருக்கு அளவு: தண்ணீர் 1.7 லிட்டர், வெள்ளைச் சர்க்கரை 130 கிராம், சாதாரண டஸ்ட் டீத்தூள் 10 கிராம் (தலைதட்டி நாலு டீஸ்பூன்), உறைக்கு நன்றாகப் புளித்த பழைய கொம்புச்சா 300 மில்லி, ஒரு தட்டு. மசாலா டீத்தூள், வாசனை எண்ணெய் சேர்த்த டீத்தூள் வேண்டாம். எண்ணெய் மேலே மிதந்து தட்டைக் கெடுக்கும். கருப்பட்டி, நாட்டுச்சர்க்கரையில் போட்டாலும் புளிக்கும். ஆனால் கலங்கலாக, ஈஸ்ட் வாடையோடு வரும். சர்க்கரையின் அளவும் குறையாது, "நாட்டுச்சர்க்கரைதானே" என்று அம்மாவுக்குக் கூடக் கொடுக்க முடியாது. சர்க்கரையையே குறைத்துப் போடலாமா என்று கேட்பீர்கள். லிட்டருக்கு 50 கிராமுக்குக் கீழே போனால் புளிப்பு சரியாக ஏறாது, ஏறாவிட்டால் கிருமிக்குக் கதவு திறந்த மாதிரி.

தண்ணீரில் கவனம். மெட்ரோ தண்ணீரில் குளோரின் இருக்கும், கொதிக்கவைத்தால் போய்விடும். கேன் தண்ணீரும் சரி. எண்ணூர், மீஞ்சூர் பக்கத்து போர் தண்ணீர் வேண்டாம். கடல்நீர் நிலத்தடிக்குள் ஏறிய பகுதி அது. உப்பும் கடினத்தன்மையும் இருக்கிற தண்ணீர் அமிலத்தை விழுங்கிவிடும், பி.எச். இறங்கத் தாமதமாகும்.

அரை லிட்டர் தண்ணீரைக் கொதிக்கவைத்து அடுப்பை அணைத்து, டீத்தூளைப் போட்டு 5 நிமிடம் மூடி, துணியில் வடிகட்டி, சூட்டிலேயே சர்க்கரையைக் கரையுங்கள். மீதி 1.2 லிட்டரையும் முன்பே கொதிக்கவைத்து ஆறவைத்திருக்க வேண்டும். அதை இதில் கலந்தால் சூடு சீக்கிரம் இறங்கும். விரல் விட்டால் சூடே தெரியக் கூடாது. அவசரப்பட்டு, சூடு ஆறுவதற்குள் உறையை ஊற்றுவதுதான் நிறையப் பேர் செய்கிற முதல் தப்பு. உறை பாதி வெந்துவிடும், மூன்றாம் நாள் பூஞ்சை வரும். ஆறியபின் ஜாடியில் ஊற்றி, உறை சேர்த்து, தட்டை மேலே விடுங்கள். தட்டு மிதந்தாலும் சரி, மூழ்கினாலும் சரி.

ஜாடி கண்ணாடியாக, வாய் அகலமாக, 3 லிட்டராக இருக்கட்டும். பாரிமுனை ஈவினிங் பஜார் பக்கம் தேடினால் கிடைக்கும். ஊறுகாய் போடுகிற பீங்கான் ஜாடி வேண்டாம். பூச்சில் ஈயம் இருந்தால் இந்த அமிலம் அதைக் கரைத்து எடுத்துவிடும். ஆஸ்திரேலியாவில் பீங்கான் பானையில் கொம்புச்சா போட்டுக் குடித்த தம்பதிக்கு ஈய நஞ்சு ஏறியது மருத்துவ இதழில் பதிவாகியிருக்கிறது. பித்தளை, செம்பு, அலுமினியம், ரசம் வைக்கிற ஈயச்சொம்பு எல்லாவற்றுக்கும் இதே பதில். எவர்சில்வர் கரண்டி, வடிகட்டி ஒரு நிமிடம் படுவதில் தவறில்லை.

மூடிக்குப் பதிலாக, துவைத்த பழைய வேட்டித் துணியை நாலாக மடித்துக் கட்டி ரப்பர் பேண்ட் போடுங்கள். காற்று போக வேண்டும், ஆனால் புளிப்பு வாடைக்கு வரும் குட்டிப் பழ ஈ நுழையக் கூடாது. வலைத்துணி போதாது; அதன் ஓட்டைக்குள் புகுந்து முட்டை வைத்துவிடும். கரித்தூள், சாம்பல் தூசி வந்து படிகிற ஜன்னலோரம் வேண்டாம். பரண் வேண்டவே வேண்டாம், சூடு மேலே ஏறி அங்கேதான் தங்கும். தரையில், நிழலில், அகலமான பேசினில் தண்ணீர் ஊற்றி அதற்குள் ஜாடியை வைத்து, ஈரத்துணி சுற்றலாம். கடலோர ஈரக் காற்றில் ஓரிரு டிகிரிக்கு மேல் குளிராது. இருந்தாலும் அந்த ஓரிரு டிகிரி வைகாசியில் உதவும். ஊறுகாய், மாவு, காய்கறிக் கூடை பக்கத்தில் வைக்காதீர்கள்.

பி.எச். தாள் வாங்கிக்கொள்ளுங்கள், ஆய்வகப் பொருள் விற்கும் கடைகளில் கிடைக்கும். 1 முதல் 14 வரை காட்டும் தாள் பிரயோஜனப்படாது, 2.5-க்கும் 4.5-க்கும் நடுவே நுணுக்கமாகக் காட்டுவது வேண்டும். உறை ஊற்றியவுடன் 4.5-க்குக் கீழே இருக்க வேண்டும். இல்லையென்றால் இன்னும் 100 மில்லி உறை ஊற்றுங்கள். 3.5-லிருந்து 3-க்குள் வந்ததும் எடுத்துவிடலாம். ஏழு நாளாகியும் 4.2-க்குக் கீழே வரவில்லை என்றால் கொட்டிவிடுங்கள். 2.5-க்குக் கீழே போனதைக் குடிக்கக் கூடாது. அடுத்த ஜாடிக்கு உறையாக வைத்துக்கொள்ளலாம். கத்திரி வெயிலில் 4-ம் நாளே ருசி பாருங்கள், 5, 6 நாளில் ஆகிவிடும். மார்கழியில் 8 முதல் 10 நாள் பிடிக்கும்.

என்னென்ன கெடும் என்றால், முதலில் பூஞ்சை. தட்டின் மேற்புறத்தில் காய்ந்து, பஞ்சு மாதிரி, வெள்ளையாகவோ பச்சையாகவோ கறுப்பாகவோ வட்டமாக வரும். ரொட்டியில் பார்த்திருப்பீர்களே, அதேதான். சுரண்டிப் போட்டுவிட்டுக் குடிக்க நினைக்க வேண்டாம்; ஜாடியோடு தட்டு, நீர் எல்லாவற்றையும் கொட்டிவிட்டு வெந்நீரில் கழுவி, புது உறையோடு தொடங்குங்கள். தட்டுக்கு அடியில் பழுப்பாகத் தொங்கும் நூல் ஈஸ்ட், அதற்குப் பயப்பட வேண்டாம். நீருக்குள் ஈரமாக, வழுவழுப்பாக இருப்பது எதுவும் பூஞ்சை இல்லை. அழுகிய முட்டை வாடை வந்தால் ஈஸ்ட் சூட்டில் தவிக்கிறது என்று அர்த்தம். அடுத்த முறை உறையைக் கூட்டி, இடத்தை மாற்றுங்கள். நெயில் பாலிஷ் வாடையும் சூட்டுக் கோளாறுதான். புழு தெரிந்தால் யோசிக்காமல் கொட்டுங்கள். உறைக்கு எப்போதும் ஜாடியின் மேல்பகுதி நீரை எடுங்கள். அடியில் ஈஸ்ட் வண்டல் குவிந்திருக்கும். அதையே உறையாக ஊற்றிக்கொண்டு போனால் நாலைந்து முறைக்குப் பிறகு புளிப்பு குறைந்து கள் வாடை தூக்கும்.

நுரை வேண்டும் என்பவர்கள் பாட்டிலில் அடைத்து இரண்டாம் முறை புளிக்கவைப்பார்கள். இஞ்சித் துண்டு, நாலு பன்னீர் திராட்சை, அரை லிட்டருக்கு ஒரு டீஸ்பூன் நன்னாரி சர்பத் போதும். அம்மாவுக்கு இந்தக் கட்டமே வேண்டாம் என்பேன். சர்க்கரை கூடுகிறது. மூடிய பாட்டிலில் ஆக்சிஜன் இல்லாததால் பாக்டீரியா நின்றுவிடும், ஈஸ்ட் மட்டும் ஆல்கஹாலைக் கூட்டிக்கொண்டே போகும். வீட்டில் மற்றவர்கள் செய்வதானால், வாயு அழுத்தம் தாங்கும் தடித்த பாட்டிலில் மேலே இரண்டு விரல் இடம் விட்டு அடையுங்கள். சதுரமான, மெல்லிய கண்ணாடி பாட்டில் வெடிக்கும், துண்டு கண்ணில் தெறிக்கும். ஒரு சின்ன பிளாஸ்டிக் சோடா பாட்டிலிலும் கொஞ்சம் அடைத்துப் பக்கத்தில் வையுங்கள். அது கல் மாதிரி இறுகியதும் எல்லாவற்றையும் ஃப்ரிட்ஜில் ஏற்ற வேண்டும். கோடையில் இதற்கு 24 மணி நேரம்கூட ஆகாது. ஏற்றிய பிறகு நெடுநேரம் கரண்ட் போனால் மறுபடி இறுகும். திறக்கும்போது துணி போர்த்தி, தொட்டிக்கு மேல் பிடித்து, மெதுவாகத் திறவுங்கள்.

கடையில் வாங்குகிறவர்கள் லேபிளில் மூன்று இடம் பார்த்தால் போதும். சர்க்கரை 100 மில்லிக்கு எவ்வளவு. "ஒரு பரிமாறலுக்கு" என்ற வரியில் சின்ன எண்ணைக் காட்டியிருப்பார்கள், அதை நம்பாதீர்கள். சூடாக்கிப் பதப்படுத்தியதா, ஆமென்றால் உயிருள்ள நுண்ணுயிர் இல்லை, அமிலமும் டீயும் மட்டும்தான். பிறகு 14 இலக்க உணவு உரிம எண். உயிருள்ளது என்று எழுதிவிட்டு, வெயிலில் ஃப்ரிட்ஜ் இல்லாத அலமாரியில் நிற்கிற பாட்டிலை விட்டுவிடுங்கள்.

அம்மாவுக்கு முதல் வாரம் 50 மில்லி மட்டும், சம அளவு தண்ணீர் கலந்து, பகல் சாப்பாட்டோடு கொடுங்கள். காலையில் வெறும் வயிற்றில் வேண்டாம். இரவிலும் வேண்டாம், 100 மில்லியில் 10, 15 மில்லிகிராம் காஃபீன்தான் என்றாலும் தூக்கம் கம்மியானவர்களுக்கு அது போதும். உப்புசம், நெஞ்செரிச்சல், வயிற்றுப்போக்கு எதுவும் இல்லையென்றால் இரண்டாம் வாரத்திலிருந்து 100. வாந்தி, மூச்சு வாங்குதல், அளவுக்கு மீறிய அசதி வந்தால் அன்றே நிறுத்தி, கொம்புச்சா குடித்ததைச் சொல்லி ஆஸ்பத்திரியில் காட்டுங்கள். அந்த 100 மில்லி வருகிற நாளில் சர்க்கரை போட்ட டீ ஒன்றைக் குறைக்கச் சொல்ல வேண்டும். எதைக் குறைப்பது என்பதை அவரிடமே கேட்டு முடிவு செய்யுங்கள், நாலரை மணி டீயைக் குறைக்கச் சொன்னால் நடக்காது.